கண்ணாடி போல ஐந்து அடுக்கு

களிமண் தளத்தில் பதித்து நீர் நிரப்பிய இரும்பு வளையத்தில் தண்ணீர் ஒரே நாளில் பதினோரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பக்கத்தில் வைத்திருந்த வாளியில் நான்கு. வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. வளையத்தில் கூடுதலாகக் குறைந்த ஏழும் நான் போட்ட களிமண் குடித்தது. மண் குடிப்பது ஒன்றைத் தாண்டினாலே தோல்வி.

கழிவுநீர்க் குளத்தின் அடியில் களிமண்ணே போதும், பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம் என்று நான்கு மாதம் மல்லுக்கட்டியவள் நான். நானே வடிவமைத்த முதல் குளம். வெட்டுவதற்கு முன் ஒரு மூலையில் மாதிரித் தளம் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார் மேலாளர்.

"இன்னும் ஒரு தடவை பாருங்க. அதுவும் ஒழுகினா விரிப்புதான்," என்றார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாவம் என்பது போலப் பார்த்தார். பற்றிக்கொண்டு வந்தது.

ஆய்வுக்கூடத்தில் இதே மண் சொட்டுகூட விடவில்லை. அப்படியென்றால் கோளாறு தளத்தில். தளத்தில் ரோலர் ஓட்டியவர் என் அக்கா கணவர். இருபது வருடம் சாலை போட்ட கை என்று சிபாரிசு செய்ததும் நான்தான்.

மண்வெட்டியை எடுத்து வளையத்தின் ஓரமாக வெட்டினேன். மண் ஒரே கட்டியாக வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டி அழுத்திய ஐந்து அடுக்கும் பலகை பலகையாகப் பிரிந்து வந்தன. ஒவ்வொன்றின் மேலும் முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஒரு வெடிப்பில் இறங்கிய தண்ணீர் இரண்டு அடுக்குகளின் நடுவே சுகமாக நடந்துபோய் அடுத்த வெடிப்பைப் பிடித்திருக்கிறது.

"அத்தான், அடுத்த அடுக்கு கொட்டறதுக்கு முன்னாடி, ரெண்டும் கவ்விக்கிற மாதிரி மேல கீறிவிட்டீங்களா?"

பெற்ற பிள்ளையை அறையச் சொன்னது போல் பார்த்தார்.

"காகிதத்துல போட்டிருந்துச்சு. ஆனா முதல் அடுக்கைப் பாத்துட்டு நீ என்ன சொன்ன? 'கண்ணாடி மாதிரி இருக்கு அத்தான்'னு சொல்லல? அதுக்கப்புறம் கீற எப்படிம்மா மனசு வரும்?"

சொன்னேன்தான். டீ குடித்துக்கொண்டே, போகிற போக்கில். என் வாய்தான் எனக்கு எதிரி.

"தப்பு என்னுதுதான். கலைச்சிட்டு மறுபடியும் போடலாம். இந்தத் தடவை அசிங்கமா இருக்கணும் அத்தான்."

"அசிங்கமா," என்று முனகிக்கொண்டே போனார். இரும்புப் பற்கள் வைத்த சட்டத்தை இழுத்து, அழுத்திய ஒவ்வொரு அடுக்கையும் கீறி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் அடுத்ததைக் கொட்டினார். கீறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஃபோன் செய்து, "அவரை என்னடி பண்ணின? சாப்பாட்டுல கை வைக்கவே மாட்டேங்கறார்," என்று என்னைத் திட்டினாள்.

மறுபடி அளந்த அன்று மேலாளரும் வந்து குனிந்தார். வாளியில் நான்கு. வளையத்தில் நாலரை. அளவுகோலை வாங்கித் தானே இன்னொரு முறை பார்த்தார்.

"சரி, மண்ணே போடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன், யாரும் நம்பவில்லை.

மூன்று மாதம் கழித்து, குளத்தின் கடைசி அடுக்கு. அதன்மேல் வேறு மண் வராது.

"இதைக் கீற வேண்டாம் அத்தான். உங்க இஷ்டம்."

ஒரு நாள் முழுக்க ரோலரை விட்டு இறங்கவில்லை. மாலையில் கரையில் வந்து என் பக்கத்தில் நின்றார். நாளைக் காலை ஊர்ச் சாக்கடை முழுவதும் இதன்மேல் வந்து நிற்கும், பிறகு ஒருவரும் இதைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கும் அது தெரியும். இருந்தும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு அத்தான்."

"இப்ப சொல்லு," என்றார், "எத்தனை தடவை வேணாலும் சொல்லு."