ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்

அந்தக் காலுறை ஆலையில் யாருக்கு எந்த ஷிப்டு என்பதைப் பதினோரு வருடமாக முடிவு செய்துவந்தது, சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு தாள். பெண்கள் தங்களுக்குள் பேசி மாற்றி எழுதிக்கொள்வார்கள். ஒரு நாளும் ஆளில்லாமல் இயந்திரம் நின்றதில்லை.

தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்த புது மேலாளர் திராகோஸ்லாவுக்கு அது பொறுக்கவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் 'உங்களை நம்புகிறோம்' என்று கொட்டை எழுத்தில் சுவரொட்டி ஒட்டினார். இனி எல்லாவற்றுக்கும் கைப்பேசிச் செயலியில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். வாரந்தோறும் அதே செயலி 'மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' என்று கேட்கும். காரணமும் எழுத வேண்டுமாம். அக்கறை பொத்துக்கொண்டு வந்தது!

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். இயந்திரத்தில் வேலை செய்யும் லியுபிங்காவின் வீட்டு ஸ்லாவா, அதாவது குடும்பப் புனிதரின் விழா. ஊரில் பாதி வீட்டில் அன்றைக்குத்தான். யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். புருஷன் போன பிறகு அவளுக்கு இது முதல் ஸ்லாவா. வீடு பூட்டிக் கிடந்தால் அவரை இன்னொரு தரம் புதைத்தது போல இருக்கும். செயலி விடுப்பை மறுத்துவிட்டது.

"ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல லீவு கெடையாதும்மா," என்றார் மேலாளர்.

"என் எடத்துல சோர்கா நிக்கிறேங்கறா சார். அவ வீட்டு ஸ்லாவா மே மாசந்தான்."

"நீங்களே பேசி முடிச்சுக்கிட்டா நான் எதுக்கு இருக்கேன்?"

நல்ல கேள்வி. ஆலையில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

"மனசு பாரமா இருந்தா மூச்சுப் பயிற்சிக்கு வாங்க," என்று வேறு சொன்னார்.

பத்தொன்பதாம் தேதி காலை கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கப் போனாள். அறை பூட்டியிருந்தது.

"சார் லீவு, அக்கா," என்றாள் எழுத்தர் மிலியானா. "அவங்க வீட்லயும் ஸ்லாவா."

"அவருக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"அவரேதான்."

லியுபிங்கா உடனே சோர்காவை போனில் கூப்பிட்டாள்.

"கெளம்பி வாடி."

"அந்தாளு?"

"வீட்ல விருந்து தின்னுக்கிட்டு இருக்காரு. நீ வா."

கால் மணி நேரத்தில் சோர்கா இயந்திரத்தின் முன் நின்றாள். லியுபிங்கா அந்தச் சுவரொட்டியைப் பிய்த்து, அதன் பின்புறத்தில் 'லியுபிங்காவுக்குப் பதில் சோர்கா' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அவளுக்குப் பின்னால் பேனாவுக்கு நான்கு கைகள் நீண்டன.

மதியம் அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. மெழுகுவத்தி எரிந்தது, கூடம் நிறைய விருந்தாளிகள். கைப்பேசி சிணுங்கியது: மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?

முதல் தடவையாக மனசார 'ஆம்' என்று அழுத்தினாள். காரணம் கேட்டது.

'இன்னைக்கு உங்ககிட்ட அனுமதி கேக்கல' என்று எழுதினாள்.