அப்பா பாதியில் விட்ட வாக்கியம்

1

இந்தக் கதை என் தங்கை என்னைத் திட்டியதில் பிறந்தது. அவள் மயக்க மருத்துவர். "கத்தி பிடிக்கிற சர்ஜன்களைப் பத்தியே எழுதுற. ஆளை மயக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வர்றது நாங்கண்ணா" என்றாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: வெள்ளை மருந்து நரம்பில் ஏறியதும் அப்பா நிம்மதியாகத் தூங்

(விட்டுவிட்டேன். அது தூக்கமே இல்லையாம். மூளை செல்களை 'சும்மா இரு' என்று அடக்கும் சமிக்ஞை ஏற்கெனவே நம்மிடம் உண்டு. மருந்து அதற்குப் பலம் கூட்டுகிறது. வலிக்கு வேறு ஊசி. மூச்சும் நின்றுபோகலாம், அப்போது அவருக்காக மூச்சுக் கொடுப்பது என் தங்கையின் வேலை.)

2

அப்பாவுக்குப் பித்தப்பையில் சீழ். இதயமோ பலவீனம். மயக்க மருத்துவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கு மருந்து கொடுப்பதில்லை, ஆனால் அன்று இருந்த இன்னொரு மயக்க மருத்துவர் வேறு அறுவையில் மாட்டிக்கொண்டார். காத்திருக்க நேரமில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் கேட்டாலும், "பையன் எழுத்தாளர், பொண்ணு ஊசி போடுறா" என்பார். (என் புத்தகம் ஒன்றைக்கூட அவர் திறந்ததில்லை.)

தங்கை மருந்தைக் கொஞ்சமாக, மெதுவாக ஏற்றினாள். அப்பா கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மயங்கலையே. இன்னும் கொஞ்சம் கொடுங்களேன்" என்றார் சர்ஜன்.

இங்கே என் முதல் பிரதியில் விறுவிறுப்புக்காக அவளை இரண்டாவது ஊசியும் போட வைத்திருந்தேன். படித்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "அண்ணா, உன் கதையில அப்பா செத்துட்டார்."

பலவீனமான இதயம் ரத்தத்தை மெதுவாகத் தள்ளுகிறது. மருந்து மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றை ஏற்றினால், இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்துவிடும். ஆகவே அவள் ஊசியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தபடி நின்றாள். எதிரே சர்ஜன், மேசையில் பெற்ற தகப்பன். நானாக இருந்தால் கை பரபரத்திருக்கும். அவள் நின்றாள்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அவசரப்படுத்தாதீங்க டாக்டர். இவ என் பொண்ணு. இவ ஒரு காரியத்துல இறங்கினா"

இமை மூடிவிட்டது.

3

அறுவை முடிந்தது. மூளையை அடக்கிய மருந்து அங்கேயே குடியிருப்பதில்லை. தசைக்கும் கொழுப்புக்கும் நகர்ந்துவிடும். அதன்பின் அறுவை முடியும்வரை மயக்கத்தை நீடிக்க வைத்தது மூச்சோடு கலந்து கொடுத்த ஒரு வாயு; அதை இப்போது அவள் நிறுத்தினாள்.

"அப்பா, கண்ணைத் திறங்க."

திறந்தார். அவள் முகமூடிக்குள் அழுததை அவர் பார்க்கவில்லை.

"ஏதோ சொல்ல வந்தீங்களே, என்னப்பா?"

"நானா? எப்போ?"

ஒன்றும் நினைவில்லை. மருந்தின் குணம் அது. மறுநாள் வார்டில் நர்ஸிடம், "பொண்ணு ஊசி போடுறா" என்று பழைய பாட்டையே பாடினார்.

4

அந்த வாக்கியத்தை நான் முடித்துப் பார்த்தேன்.

இவ ஒரு காரியத்துல இறங்கினா யாராலயும் (சினிமா வசனம்.)

இவ ஒரு காரியத்துல இறங்கினா நான் நிம்மதியா (என் குரல், அப்பாவுடையது அல்ல.)

தங்கை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "முடிக்காதண்ணா. எனக்கு அவ்வளவே போதும்."

எனக்குப் போதவில்லை. அவளை நினைத்து நெஞ்சு நிமிர்கிறது, எழுத்தில்தான் வர மறுக்கிறது. நீங்கள் முடித்துப் பாருங்கள். ஒரே நிபந்தனை: சொல் உடனே வரவில்லை என்று இன்னொன்றை ஏற்றிவிடாதீர்கள். கையை எடுத்துவிட்டு, அவளைப்போலக் கொஞ்சம் நில்லுங்கள்.