பதினொரு காசும் பதிமூன்று டிகிரியும்

மயிலாப்பூரில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்துகொடுக்கும் ஷகீலா, மருமகளாகப் போகிற இஃப்ராவின் வலது புஜத்தில் இமாம் ஜாமின் கட்டினாள். பயணம் போகிறவர்களுக்குக் காசைத் துணியில் முடிந்து கட்டுவது அந்த வீட்டு வழக்கம். நல்லபடியாகத் திரும்பியதும் அதைத் தர்மம் செய்துவிட வேண்டும்.

“ஒரு காசுதானே மாமி வெப்பாங்க?”

“அது ரயிலுக்கு. நீ ஏரோப்ளேன்ல தனியா போறே. பதினொண்ணு வெச்சிருக்கேன்.”

“ப்ளேன் வெயிட் தாங்குமா அம்மி?” என்றான் மகன் ரெஹான்.

“நீ ஏறுனாதான் தாங்காது.”

பைலட் பயிற்சிக்காக மறுநாள் காலை இஃப்ரா சேலத்திலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து, இறங்கி, திரும்ப வேண்டும். ஜிபிஎஸ் கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும்தான். புதுச்சேரியில் இறங்காமல் திரும்பினால் இன்னொரு நாள் மறுபடி பறக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் அடுத்துக் காலியாக இருந்த ஒரே நாள் அவளுடைய நிக்காஹ் நாள்.

விமானத்தில் உட்கார்ந்ததும், கட்டின இறுக்கத்தில் இஃப்ராவின் கை மரத்துப்போனது. புஜத்துக் கட்டை அவிழ்த்தாள். அதைக் காலடியில் வைக்கக் கூடாது. முன் கண்ணாடியின் நடுவே உயரமாக இருந்த திசைகாட்டியில் மாட்டினாள்.

நாற்பதாவது நிமிடம் கீழே விழுப்புரம் ஜங்ஷன் வர வேண்டும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் வந்தது. ஊர் இடம் மாறியிருக்க வாய்ப்பில்லை என்று இஃப்ரா முடிவு செய்தாள். போன வாரம்வரை இந்த விமானத்தில் இல்லாத பொருள் ஒன்றே ஒன்று, கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து மடியில் வைத்தாள். திசைகாட்டி பதிமூன்று டிகிரி நகர்ந்து நின்றது.

வடகிழக்கே திருப்பினாள். கடல் தெரிந்தது. பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் புதுச்சேரியில் இறங்கி, ஷகீலாவுக்குப் போன் செய்தாள். மறைக்காமல் சொன்னாள்.

“பேட்டா, பதிமூணு டிகிரின்னா எவ்ளோ?”

“நெய்வேலி அளவு, மாமி.”

ஷகீலா கையிலிருந்த ஆரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“தப்பு என்னுதுதான். தரையில விழுற ஊசியெல்லாம் காந்தத்துலதான் பொறுக்குறேன். கூடவே இந்த ஒரு ரூபா காசும் ஒட்டிக்கினு வரும். தெரிஞ்சும் வெச்சேன். ஒண்ணு வெச்சிருந்தா விழுப்புரம் பக்கத்துலயாவது போயிருப்பே.”

“பரவால்ல மாமி.”

“திரும்பறப்போ எங்க வெப்பே?”

“பின் சீட்ல. பெல்ட் போட்டுடறேன்.”

“டைட்டா போடு.”

போட்டாள். சேலத்தில் குறித்த நேரத்துக்கு இறங்கினாள். அன்று மாலையே ரெஹான் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தான், தேதியை மாற்றாமல்.