எண்பத்திரண்டு கிலோ லோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பார்சலில் வந்தது. சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க் வேலை பார்க்கிறேன். எழுதுவதெல்லாம் மிச்ச நேரத்தில். போன வாரம் கோயம்புத்தூர் லாரியிலிருந்து நான்கு நீள அட்டைப்பெட்டிகள் இறங்கின. மேலே ஷாக் அப்சார்பர் என்று எழுதியிருந்தது. லாரிக்கு வருவதில் பாதி அளவுகூட இல்லை.

வாங்கிப்போக வந்தவர் ஷாலினி. குமாரபாளையத்தில் இருபத்துநான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். வாசலில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ஜப்பான் வண்டி, இரண்டே சீட், மடக்கிவைக்கும் கூரை, காருக்கு வயது இருபத்தெட்டு. பார்த்ததுமே எனக்குக் கதை எழுதும் ஆசை வந்துவிட்டது. ஆசை எனக்கு உடனே வரும், கதைதான் சாவகாசமாக வரும்.

2

முதல் தொடக்கம்: ‘செந்நிறப் பறவையொன்று நெடுஞ்சாலையில் சிறகு விரித்து—’

(வேண்டாம். அன்றைக்கு அது பறக்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தது.)

இரண்டாவது: ‘வேகம் என்பது என்ன? மனித இனம் தோன்றிய—’

(யாருக்கு வேண்டும் இது?)

மூன்றாவது, நடந்தது நடந்தபடி: எங்கள் ஆபீஸுக்கு எதிரே லாரி பட்டறை வைத்திருக்கும் காளியண்ணன், காரின் பின்மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். ஒரு தடவை எழும்பி நின்றிருக்க வேண்டும். நான்கு தடவை ஆடியது.

“ஷாக்கு செத்துப்போச்சுங்க அம்மிணி. வண்டில எத்தன டன் ஏத்துவீங்க?”

“நான் ஒருத்திதானுங்கண்ணா ஏறுவேன்.”

3

இங்கே ஷாலினிக்கு ஒரு துயரம் கொடுக்க நினைத்தேன். காலமான அப்பாவின் கார் என்று ஒரு பத்தி எழுதி, அவரிடமே படித்தும் காட்டினேன்.

“எங்கப்பா ஊட்டுல நல்லா உக்காந்து டிவி பாக்கறாருங்க! அவர எதுக்குங்க கொல்றீங்க? எனக்குப் புடிச்சுது, வாங்குனேன். அவ்வளவுதானுங்க.”

பத்தி போயிற்று. ஆனால் அவர் சொன்ன உண்மை என் துயரத்தைவிட நன்றாக இருந்தது. போன வருடம் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூட்டமாக ஏற்காடு மலை ஏறியபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் இவருடைய காரின் பின்பக்கம் வீசி ஓரக்கல்லில் முட்டியது. கட்டி இழுத்துக்கொண்டுதான் இறக்கினார்கள். “மறுக்கா அந்த ஒம்பதாவதத் தாண்டலீன்னா வித்துப்போடறேன்” என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மலை.

4

நான்கு ஷாக்கையும் காளியண்ணன் அரை நாளில் மாற்றினார். ஜாக்கியில் கார் நிற்க, சக்கரங்கள் தொங்க, ஒவ்வொரு போல்ட்டையும் லாரி போல்ட்டை இறுக்குகிற பலத்தோடு இறுக்கினார். இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். கார் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் வேகத்தடையிலேயே தடால் என்றது. ஷாலினி இறங்கி, தூக்கி நின்ற பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

எழுத்தாளனாக நான் உதவ முயன்றேன்.

முடிவு அ: அவர் காரை விற்றுவிட்டு வாழ்க்கையைப் புரிந்துகொள்கி—

முடிவு ஆ: ஒரு வெளிநாட்டு நிபுணர் தற்செயலாக அந்த வழியே—

(சங்ககிரியிலா? தற்செயலாகவா?)

அதற்குள் காளியண்ணன் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். “தப்பு என்னுதுதானுங்க. தொங்க உட்டு இறுக்கிப்போட்டேன். போல்ட்டுக்குள்ள இருக்கற ரப்பரு முறுக்கிக்கிட்டு நிக்குது. லாரியில ஸ்பிரிங் மாத்துனா, மொத லோடு ஏத்தி எறக்கிட்டு வந்ததும் மறுக்கா இறுக்குவமுங்க. பாரம் உக்காந்தாத்தான் வண்டி நெலைக்கு வரும். லாரிக்குச் செய்யறத இதுக்குச் செய்யாம உட்டுட்டேன்.”

காரைப் பட்டறைக் குழியின் மேல், ஜாக்கி இல்லாமல் சக்கரத்திலேயே நிற்கவைத்து, போல்ட்டுகளைத் தளர்த்தினார். ஓட்டும் சீட்டில் ஷாலினி உட்கார்ந்தார். இன்னொரு சீட் காலி. காளியண்ணன் குழிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க எழுத்தாளரே, நீங்க எத்தன கிலோ?”

“எழுபத்தஞ்சு.”

அவர் பார்வையை எடுக்கவில்லை.

“எண்பத்திரண்டு.”

“ஏறி உக்காருங்க சாமி.”*

பாரம் உட்கார்ந்தது. போல்ட்டுகள் இறுகின. நாங்கள் இறங்கியதும் காளியண்ணன் குழியிலிருந்து ஏறிவந்து ஒரு மூலையை அமுக்கி விட்டார். ஒரே எழும்பல், நின்றது. ஷாலினி ஓடிப்போய் மற்ற மூன்று மூலைகளையும் தானே அமுக்கிப் பார்த்தார்.

* ஓர் எழுத்தாளன் தன் கதைக்குள் நுழைய இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியாது.

5

ஞாயிறு காலை. என்னையும் கூட்டிப்போனார். “லோடு வெச்சு இறுக்குனதுங்க, அதே லோடோட போலாம்” என்றார். எட்டாவது வளைவைத் தாண்டினோம். ஒன்பதாவதன் பலகை தெரிந்ததும் என் கை தானாகக் கதவைப் பிடித்தது.

(இங்கே மூன்று பக்க வருணனை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். வளைவு மூன்று பக்கம் நீளமில்லை.)

கியரைக் குறைத்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தரையைப் பிடித்துக்கொண்டது, திரும்பியது. பின்பக்கம் அசையவே இல்லை. போன வருடம் முட்டிய ஓரக்கல் எங்களுக்குப் பின்னால் போயிற்று. ஷாலினி கத்தினார், நானும் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த வரிக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பத்தாவது வளைவின் ஓரத்தில் நிறுத்தி காளியண்ணனுக்குப் போன் போட்டார்.

“தாண்டிப்போட்டனுங்கண்ணா! வண்டிய விக்கறதில்லீங்க!”

“ஆடுச்சுங்களா?”

“ஒரு பொட்டுகூட ஆடலீங்க!”

“அப்பறமென்னுங்க, உடுங்க மேல.”

6

இன்னும் பத்து வளைவுகள் பாக்கி. உச்சியில் என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்பதாவதிலேயே கிடைத்துவிட்டது, எல்லாவற்றையும் நானே அனுபவித்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? இதோ, கதவைத் திறந்து இறங்கிக்கொள்கிறேன். கூரை மடக்கியிருக்கிறது, சீட் இன்னும் சூடாக இருக்கிறது, ஷாலினி இன்ஜினை அணைக்கவில்லை.

ஏறுங்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார், எத்தனை கிலோ என்று. என்னைப்போல ஏழு கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள்.