எங்கே மூச்சு விடுவது

நாற்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்து, "உங்களுக்கு மூச்சு விடத் தெரியலை" என்று சொன்னால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. சொன்னதும் யார்? ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்னப் பெண்.

"பொறந்ததிலேருந்து விட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன். இல்லேன்னா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேனே!" என்றேன்.

அவள் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்போ ஒரு நிமிஷத்துல இருபத்தாறு தடவை விட்டீங்க அக்கா. அத்தனையும் வாய் வழியா. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறுது" என்றாள். அக்கா என்று கூப்பிட்டாளே என்பதற்காகப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் அங்கே ஆசைப்பட்டுப் போகவில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவள் நான். எட்டு நடைமேடைகளும் தெரிகிற மாதிரி மேலே ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மைக், அதன் முன்னால் பத்தொன்பது வருடமாக நான். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாசிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அறிவிப்பு முடிந்துவிட்டது என்று ஜனம் ஓட ஆரம்பித்துவிடும். எங்களுக்குக் கொடுத்திருக்கும் அட்டையோ இப்படித்தான் தொடங்கும்: "நடைமேடை எண் மூன்றிலிருந்து பத்து நாற்பது மணிக்குப் புறப்பட வேண்டிய விரைவு வண்டி..." அப்புறம் ஊர், காரணம், தாமதம் என்று அனுமார் வால் மாதிரி நீண்டு, கடைசியில்தான் "ஏழாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று வரும். அதனால் வாயைத் திறந்து, நெஞ்சு கொள்ளாத அளவுக்குக் காற்றை இழுத்து, ஒரே மூச்சில் கொட்டிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாளைக்கு இருநூறு தடவை இப்படி இழுத்தால் உடம்பு என்ன செய்யும்? அதையே பழகிக்கொண்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாயால்தான் மூச்சு. பேச்சுக்கு நடுவே பெருமூச்சு, ஓயாத கொட்டாவி, விரல் நுனியில் சுருக்சுருக்கென்று ஒரு மதமதப்பு, தலைசுற்றல். எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை என்றே இருக்கும். உடனே இன்னும் இழுப்பேன்.

ஒரு நாள் காலையில் மைக் முன்னாலேயே கண் இருட்டிவிட்டது. "நடைமேடை எண் மூன்றிலிருந்து" என்றவள் அதோடு நின்றுவிட்டேன். கீழே இருந்த கூட்டம் மூட்டை முடிச்சோடு மூன்றாம் நடைமேடைக்கு ஓடியது. வண்டி ஏழில் நின்றது. படிக்கட்டில் ஒரு பெண் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். என்னால்தான் விழுந்தாள் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஆறு வாரம் டைம் தர்றேம்மா. அதுக்கப்புறம் ஒரு காலை ஷிஃப்ட் முழுக்க நான் உங்க பக்கத்துல உக்காந்திருப்பேன். சரியா வாசிச்சா சீட் உங்களுது. இல்லேன்னா கீழே பார்சல் ரூமுக்குப் போயிடுங்க" என்றார். ஜன்னல்கூட இல்லாத அந்த அறையை நினைத்தாலே அழுகை வந்தது. வாசிக்கிறவளுக்கு வாயைக் கட்டிப்போட்டால் என்ன மிச்சம்?

இதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், பழக்கம்தான் கெட்டுப்போய் இருக்கிறதாம். தேவைக்கு மேல் காற்றை இழுத்துத் தள்ளுவதால்தான் தலை சுற்றுகிறதாம். அப்படித்தான் அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான். வாயை மூடு, மூக்கால் மெதுவாக இழு, நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் எழட்டும், விடும்போது இன்னும் மெதுவாக விடு, விட்ட பிறகு அவசரப்படாமல் கொஞ்சம் இரு. தினமும் மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம். கேட்க எவ்வளவு சுலபம்! வயிற்றில் கையை வைத்துப் படுத்தால் இரண்டாவது நிமிடமே யாரோ மூக்கைப் பொத்துகிற மாதிரி தவிப்பு. வாய் தானாகத் திறந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? உனக்கு ஆறு வாரம் எந்த மூலைக்கு?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? நான் மாத்திக்காட்டலேன்னா என்னன்னு கேளுங்க" என்றேன். ரோஷத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு செய்யாமல் விட முடியுமா?

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். படி ஏறும்போது மூக்கால் ஏறினேன், மூச்சு பற்றாவிட்டால் பாதிப் படியில் நின்றேன். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அதே வேலை. கிண்டல் செய்தவர்தான் கடைசியில் உதவிக்கும் வந்தார். நாள் முழுக்க வெள்ளைத் துணி போர்த்திய தோள்களையே பார்க்கிறவர் அல்லவா? எங்கே நின்றாலும், "ஏறுது, ஏறுது, இறக்கு" என்பார். சமயத்தில் கரண்டியால் அடிக்கலாம் போல இருக்கும். இறக்குவேன். நான்காவது வாரம் அந்தச் சின்னப் பெண் எண்ணிப் பார்த்துவிட்டுப் நிமிஷத்துக்குப் பதின்மூன்று என்றாள். விரல் மதமதப்பு போன நாள் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் பாழ். அதையும் அவளிடம் சொன்னேன். "வாசிக்கும்போது எங்க அக்கா மூச்சு விடுவீங்க?" என்று கேட்டாள்.

"விட மாட்டேன். முடிச்சிட்டுத்தான் விடுவேன்."

"அப்போ வீட்டுல சரி பண்ணினதை நீங்களே தினம் இருநூறு தடவை அங்க போய்க் கெடுக்குறீங்க" என்றாள்.

நியாயம்தானே? அதிகாரியிடம் போய், அட்டையில் இருக்கும் வாசகத்தைச் சுருக்கித் தாருங்கள் என்று கேட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மத்த ஷிஃப்ட்காரங்க ரெண்டு பேரும் இதைத்தானே வாசிக்கிறாங்க? ஒரு வார்த்தை குறையக் கூடாதும்மா" என்று அனுப்பிவிட்டார்.

குறைக்கக் கூடாதா, சரி, நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பயணியாக நடிக்க ஆள் வேண்டும். வீட்டுக்காரரின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துப் படுக்கையறை நடுவில் நிறுத்தினேன். ஜன்னல் பக்கம் மூன்று, அலமாரிப் பக்கம் ஏழு. "எங்க போகணும்னு தெரிஞ்சதும் ஓடுங்க" என்றேன். "நடைமேடை எண் மூன்றிலிருந்து" என்று வாசித்து, மூக்கால் ஒரு மூச்சு எடுத்தேன். அதற்குள் மனிதர் ஜன்னலுக்குப் பாய்ந்து கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"முழுசாக் கேட்டுட்டு ஓடினா என்ன?"

"நீதானே நம்பர் சொன்னே! நம்பர் காதுல விழுந்தா கால் சும்மா இருக்குமா?" என்று கத்தினார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதே அட்டை, அதே வார்த்தைகள், வரிசையை மட்டும் மாற்றினேன். வண்டியின் பெயர் முதலில், ஒரு மூச்சு. புறப்பட வேண்டிய நேரம், ஒரு மூச்சு. காரணமும் தாமதமும், ஒரு மூச்சு. வழக்கமான நடைமேடையும் மாறிய நடைமேடையும் கடைசியில். மறுபடி வாசித்தேன். மூன்று தடவை நிறுத்தினேன், பெட்டியோடு அப்படியே நின்றார்.

"ஏன் ஓடலை?"

"எங்க ஓடுறது? இன்னும் இடமே சொல்லலையே!" என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

ஆறு வாரம் முடிந்தது. அதிகாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் இரண்டு மணி நேரம் சின்னச் சின்ன அறிவிப்புகள்தான், ஒரு குறையும் இல்லை. ஒன்பதரைக்குத் தந்தி போல ஒரு சீட்டு வந்தது. தண்டவாளப் பழுது, மூன்று வண்டிகள் ஒரே சமயத்தில் நடைமேடை மாறுகின்றன. கீழே தலை தலையாக ஜனம். பழைய தவிப்பு திரும்ப வந்தது. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து நிறைய இழுத்துக்கொள்ளேன் என்று உடம்பு கெஞ்சியது. படிக்கட்டில் விழுந்த அந்தப் பெண்ணை நினைத்தேன். மாட்டேன் என்றால் மாட்டேன். வாயை மூடி, தோளை இறக்கி, மெதுவாக விட்டு, கொஞ்சம் இருந்தேன்.

பிறகு மைக்கைப் போட்டேன். வண்டியின் பெயரைச் சொல்லி நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்துறீங்க? ஓடப்போறாங்க!" என்று அதிகாரி பதறி எழுந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மூக்கால் ஒரு மூச்சு. நேரத்தைச் சொன்னேன், நிறுத்தினேன். காரணத்தைச் சொன்னேன், நிறுத்தினேன். கீழே அத்தனை பேரும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தையைக்கூட ஒரு அப்பா "உஷ்" என்று அடக்கினார். கடைசியாக நடைமேடையைச் சொன்னேன். கூட்டம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியது. அடுத்த வண்டி. அதற்கடுத்த வண்டி. மூன்றையும் முடித்து மைக்கை அணைத்தபோது எனக்குத் தலை சுற்றவில்லை.

அதிகாரி கண்ணாடியோரம் நின்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் இடிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அட்டையைக் கையில் எடுத்தார்.

"இதுல இருக்கற மாதிரி வாசிக்கலையேம்மா நீங்க."

"ஒரு வார்த்தை குறையலை சார். எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்க வாசிச்ச வரிசையில எழுதிக் குடுங்க. எங்கெங்க மூச்சு விடணும்னு கோடும் போடுங்க" என்றார். "மத்த ரெண்டு பேருக்கும் நாளையிலேருந்து இதுதான்."