கண்ணை மூடாத ஜெபம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எங்கள் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பேனர் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், முகத்துக்கு நேரே மட்டும் சொல்ல மாட்டார்கள். இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. திட்டிக்கொண்டே பார்ப்பேன், பார்த்து முடித்ததும் கோபமும் போய்விடும். ஆனால் திங்கட்கிழமை வந்த கோபம் வேறு ரகம். அது போகவில்லை, நானும் போகவிடவில்லை.

எங்கள் முதலாளி சபையில் மூப்பர். இங்கேயும் அவரை மூப்பர் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர் என்று பெயர். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீடு தேடி வந்து தலையில் கை வைத்து ஜெபம் செய்வார், விடுப்பு மட்டும் கேட்கக் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்குக் கூடத்தில் ஜெபம் நடக்கும். மணி அடித்ததும் அவரவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூட வேண்டும். உருளை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உள்ளே இழுத்து, தேய்த்து, மறுபக்கம் தள்ளுகிற பெரிய சூட்டு உருளை அது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் அதன் மேல் சுற்றியிருக்கும் தடித்த துணி கருகிவிடும். ஆறவிட்டால் மறுபடி சூடேற முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் ஆண்டவருக்குப் பத்து நிமிடம், உருளைக்கு ஓய்வே கிடையாது.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு காப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை அந்த நொடியே நின்றுவிடும். ஒரு மாதமாக அதன் ஸ்விட்ச் கெட்டு, துணி மடிப்பு பட்டாலே நின்றது. ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றால் யார்தான் வேலை பார்ப்பது? புது ஸ்விட்ச் கேட்டேன். "பார்க்கலாம்மா. இப்போதைக்கு கம்பி ஆடாம கட்டி வை," என்றார் மூப்பர். கட்டினேன். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டது இந்தக் கைதான். ரெண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

உருளைக்குத் துணி கொடுப்பவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. வாயில்லாப் பூச்சி. போன வாரம் மணி அடித்த பிறகு கையிலிருந்த விரிப்பை முடித்துவிட்டு நின்றதற்கு, மூப்பர் எல்லோர் முன்னாலும், "ஆண்டவரைவிட துணி பெருசாம்மா உனக்கு?" என்று கேட்டார். பாவி, அதை மனதில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பாதி விரிப்பு உள்ளே போயிருக்கும்போது மணி அடித்தது. நுனியை வலது கையில் சுருட்டிப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மூப்பர் "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்து அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை, துணியோடு கையும் உள்ளே போய் அவள் அலறிவிட்டாள்.

ஓடிப்போய் மெயினை அணைத்ததும் அவள் கையை வெளியே எடுத்ததும் நான்தான். எடுக்கும்போது வழியை மறித்த அந்தத் துணிப் பட்டையை அறுத்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பையில் திணித்துக்கொண்டேன். மணிக்கட்டு வரை வெந்து, மூன்று விரல் நசுங்கியிருந்தது. ஒரு மாதமாக வராத ஸ்விட்ச் அன்று ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. அதைத் திட்டிக்கொண்டே மாட்டினேன், மாட்டி முடித்தும் கோபம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மூப்பர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். விபத்து அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார். காப்புக் கம்பி நல்ல நிலையில் இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"காலையில தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாரு. போட்டுடும்மா," என்றார்.

"கவனக்குறைவுன்னு எழுதினா அவளுக்கு வேலை போயிடும் ஐயா. சிகிச்சைக்கும் ஒண்ணும் கிடைக்காது."

"நாங்க பார்த்துக்க மாட்டோமா? சபையில சொல்லி ஜெபம் பண்ணுவோம். யோசிச்சுப் பாரு, கட்டினது நீ. உன்னையும் சேர்த்துத்தான் நான் காப்பாத்துறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மன்னிக்கிறதுதானேம்மா நம்ம மார்க்கம்," என்றார்.

தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே மன்னிப்பை மட்டும் முன்கூட்டி வாங்கிக்கொள்கிற சாமர்த்தியத்தை அன்றுதான் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கட்டினது நீ என்றாரே, அது என் வாயை அடைத்துவிட்டது. காலையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்கு ஜெபத்துல என் மனசே இல்லை. அந்த விரிப்பு வீணாயிடுமேன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அதான் ஆண்டவர் தண்டிச்சுட்டாரு."

"யாருடி சொன்னது?"

"மூப்பர் வந்து ஜெபம் பண்ணும்போது சொன்னாரு. ஆண்டவர் சிட்சிக்கிறது, தண்டிக்கிறது எல்லாம் அன்பாலதானாம்."

கூடத்தில் போட்ட முடிச்சைக் கொண்டுபோய் ஆண்டவர் தலையில் கட்டியிருக்கிறார் அந்த மனிதர்! என் பையில் அந்தத் துணி அப்படியே இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூப்பர் மேல் இருந்த கோபத்தில் சரிபாதி அந்தப் போர்வையைச் சரிசெய்தவள் மேல் திரும்பியது.

புதன்கிழமை ஏழு மணிக்கு முன்பே ஆய்வாளர் வந்துவிட்டார். கையில் அட்டையோடு வாசல் பக்கம் நின்றார். மணி அடித்தது. மூப்பர் உருக்கமாக என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு நம்ம சகோதரிக்காக நீயே ஜெபம் பண்ணும்மா. நீதானே சொந்தக்காரி."

நான் முதலில் போய் உருளையின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சத்தம் நின்றது. இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் நிசப்தமாக ஒரு ஜெபம் நடந்ததே இல்லை.

"அய்யோ, துணி கருகிடும்மா!" என்று மூப்பர் பதறினார்.

"கருகட்டும். யாரும் கண்ணை மூடாதீங்க."

பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, இந்தத் துணியால காப்புக் கம்பியைக் கட்டினது நான். கட்டச் சொன்னது மூப்பர். மூணு வாரம் தினமும் அதைப் பார்த்துட்டே கண்ணை மூடி உங்களைக் கும்பிட்டேன். அவ கையை நசுக்கினது நீங்க இல்லை, நாங்க. உங்க பேர்ல பழி போட்டோம். வேலை போனா போகட்டும், ஜெயில்னா ஜெயில். இனிமே இந்த உருளை நிக்காம இங்க ஜெபம் வேண்டாம். ஆமென்."

ஆமென் என்று முதலில் சொன்னது, துணி மடிக்கிற மேசையில் நிற்பவள். பிறகு மூப்பரைத் தவிர எல்லோரும். ஆய்வாளர் வந்து துணிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். மூப்பர் எழுதிய காகிதத்தின் பின்பக்கம் நடந்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உருளையிலிருந்து கருகல் வாடை வர ஆரம்பித்திருந்தது.

மூப்பர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூடத்தில் எல்லோர் முன்னாலும், அதிகாரி முன்னாலும் சொல்வது எல்லாம் சுலபம் என்று கட்டிலின் அருகே நின்றபோதுதான் தெரிந்தது. ஒன்றும் பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ஆண்டவர் என்னைத் தண்டிக்கலையா?"

"இல்லடி."

"நேத்து வந்தப்பவே உங்களுக்குத் தெரியும். நான் அழுதேன். பார்த்துட்டு போனீங்க."

"ஆமா."

பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாத அவள், நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வெளிய போங்க அண்ணி. மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு எப்போ தோணுதோ அப்போ சொல்றேன். போங்க."

போனேன். நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அவள் கோபம் சீக்கிரம் ஆறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.