நூற்று அறுபது பொட்டு

1

"யம்மா, இம்புட்டுக் கண்ணாடியும் யாரு மூஞ்சி பாக்குறதுக்கு?"

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் அம்மா மடியில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள். வெளியே கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், சோலார் பேனல்கள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பிரதோஷத்துக்காகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று சுவாமியைப் பார்த்தபோதும் அந்தக் கேள்விதான் குறுக்கே நின்றது.

இந்தக் கதை அங்கே தொடங்கியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு முன் இருக்கையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன். போனில் யாரிடமோ, அழுகைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கும் குரலில் கேட்டான்: "சார், மயில்கிட்ட எப்படி சார் விளக்கம் கேக்குறது?"

2

முதலில் எழுதிய தொடக்கம்: "செம்பொன் தட்டாகக் கதிரவன் எழுந்த அந்த வைகறையில்…"

அடித்துவிட்டேன். இந்தக் காட்டில் வெயிலைத் தின்று வாழ்கிற யாரும் சூரியனைத் தட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது: "காளீஸ்வரன் நான்கு வருடம் பொறியியல் படித்தது ஆடு விரட்டுவதற்காக அல்ல." இது இருக்கட்டும்.

பஸ்ஸில் பார்த்த அந்த இளைஞன்தான். வயது இருபத்தைந்து. வீடு மல்லாங்கிணறு. திருச்சுழியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அந்த சோலார் காட்டில் பொறியாளராக இருக்கிறான். காலையில் முதல் வேலை ஆடு விரட்டுவது. இரண்டாவது மயில் விரட்டுவது. பேனல் மேல் மயில் எச்சமிட்டால் அந்த வரிசையில் மின்சாரம் குறையும். குறைந்தால் சென்னை அலுவலகத் திரையில் ஒரு கட்டம் சிவப்பாகும். சிவப்பானால் மேலாளர் நாகராஜ் கூப்பிடுவார். அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: போட்டோ எடுத்து விளக்கம் அனுப்புங்க. அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். ஏறி இறங்குவதற்குள் அடுத்த மயில் வந்திருக்கும்.

ஊர்க்காரர்கள் வேலியோரம் வந்து, ஓடாத மிக்ஸியை நீட்டுவார்கள். இவ்வளவு கரண்டு விளைகிற இடத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஏன் போகிறது என்று கேட்பார்கள். இது நேரே பெரிய லைனுக்கு, கிரிட்டுக்குப் போகிறது, இங்கே நிறுத்தி வைக்க முடியாது என்று அவன் தரையில் குச்சியால் படம் போட்டு விளக்குவான். பொறுமையாகக் கேட்டு முடித்து ஒரு பெரியவர் சொன்னார்:

"அப்ப நீ இங்க என்னதான் தம்பி வேல பாக்குற?"

அன்றைக்கு அவன் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டான்.

(அவனுக்கு ஒரு காதலி வேண்டாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொட்டியில் ஏறாமல் வீட்டுக்கே போன் பேச முடியாதவனுக்குக் காதலியைக் கொடுப்பது பாவம். விட்டுவிட்டேன்.)

3

இப்போது செல்வலட்சுமி வர வேண்டும். பேனல் துடைக்கும் ஆறு பெண்களில் மூத்தவர். இரண்டு வரைவுகளில் அவரை நல்லவராகவே எழுதி, படித்துப் பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருந்தது. மூன்றாவது வரைவில் அவருக்கு வாயைக் கொடுத்தேன். காளீஸ்வரன் மயிலைத் துரத்தி ஓடுகிறபோது பின்னால் குரல் வரும்: "வெரசா ஓடுங்க சாரு, அது ரெண்டாங்கிளாசுதான் படிச்சிருக்கும்." மற்ற ஐந்து பேரும் துடைக்கிற வைப்பர் கம்பை ஊன்றிக்கொண்டு சிரிப்பார்கள். தனியாக இருக்கும்போது அவனை 'தம்பி' என்பார். அவன் 'அக்கா' என்பான்.

இப்போது எழுத்தில் அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஆகவே வைகாசியில் நடந்ததைச் சொல்லலாம்.

அவன் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. கேட்டைப் பூட்ட மறந்து தொட்டி மேல் ஏறிவிட்டான். ஆடுகள் உள்ளே புகுந்து, ஒரு கிடாய் பேனல் மேலேயே ஏறிக் கண்ணாடியை உடைத்தது. செல்வலட்சுமிதான் ஆடுகளை வெளியே பத்திவிட்டு கேட்டைச் சாத்தினார். சாயங்காலம் விசாரிக்க வந்த அதிகாரி யார் உடைத்தது என்று கேட்டபோது, காளீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"வாளி கைதவறிருச்சு சார். நாந்தான்."

காளீஸ்வரன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அந்த அம்மாளைப் பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே அவன் நின்று ஏன்க்கா என்று கேட்டதற்கு, சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் சரிசெய்தபடி சொன்னார்:

"நீங்க வந்து ஒரு மாசங்கூட ஆகல தம்பி. எனக்குப் பத்து நாளைக்கு வேற காடா இல்ல? போங்க, மயிலு வந்திருக்கு பாருங்க."

பதினோராம் நாள் வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை. இவனும்… இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். அவன் வெட்கப்பட்டான் என்று எழுதினால் போதவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

4

ஆயுத பூசைக்கு முந்தின நாள், அவன் தொட்டி மேல் நின்று போனில் நாகராஜிடம் மயிலைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். கீழிருந்து செல்வலட்சுமி கேட்டார்.

"சாரு, நாளைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருவமா?"

எல்லாம் என்றால் வாளி, வைப்பர், குழாய், சுவரில் தொங்கும் சாவி என்று அவன் நினைத்தான். இல்லை, எதையும் நினைக்கவில்லை. போனை மூடிக்கொண்டு, வைங்க வைங்க என்று கையாட்டினான்.

மறுநாள் காலை மீட்டர் பார்த்துவிட்டு அவன் வெளியே வந்தபோது, நாற்பது பேனல் வீதம் நான்கு வரிசைகள், ஒவ்வொரு பேனலிலும் உள்ளங்கை அகலத்துக்குக் குழைத்த சந்தனமும் நடுவில் குங்குமமும். வெயிலில் அது ஓடு மாதிரி காய்ந்திருந்தது. ஐந்தாவது வரிசைக்குச் சந்தனம் தீர்ந்துபோனதில் பெண்களுக்கு வருத்தம்.

"அக்கா, என்ன இது?"

"தொடைக்கிற கம்புக்குப் பொட்டு வச்சா, நமக்குச் சோறு போடுறவுகளுக்கு வைக்க வேணாமா?"

பேனலையும் அவர் மரியாதையாக 'போடுறவுக' என்றுதான் சொன்னார். அவன் கையில் பொரியும் கடலையும் வைத்து, நாளைக்கு லீவு என்று நினைவுபடுத்திவிட்டு ஆறு பேரும் போனார்கள். காய்கிற கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. சென்னையில் நான்கு கட்டங்கள் சிவப்பாயின.

5

நாகராஜ் இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யார் செய்தது என்று படிவத்தில் நாளை எட்டு மணிக்குள் பெயரோடு வர வேண்டும், பெயர் வந்தால் அந்தக் குழுவை மாற்றிவிடுவோம், எப்படியும் துடைக்கும் இயந்திரம் வாங்க மேலிடத்தில் ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

போனில் திறந்த படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தூசி. பறவை எச்சம். கால்நடை. மனிதத் தவறு. பிற.

பறவை எச்சம் என்று போட்டுவிடலாம். (எனக்கே ஆசையாக இருந்தது. மயில் மேல் ஏற்கெனவே பதினேழு புகார்கள். பதினெட்டாவதால் அதற்கு என்ன வந்துவிடப்போகிறது? ஆனால் குங்குமம் வைக்கும் மயிலை நாகராஜ் நம்ப வேண்டுமே. அதுவும் போக, நான் கோயிலுக்குப் போகிறவன்.)

மனிதத் தவறு என்பதை அழுத்தினான். பெயர்ப்பட்டியல் விரிந்தது. ஆறு பெண்கள், காவலாளி, டேங்கர் ஓட்டுநர். மேலும் கீழும் மூன்று முறை தள்ளிப் பார்த்தான். அவன் பெயர் அதில் இல்லை. படிவம் தயாரித்தவர்களுக்கு, பொறியாளர் தவறு செய்வான் என்று தோன்றவில்லை.

தவறை ஒப்புக்கொள்ளக்கூட இடம் இல்லாத வேலை என்று அவனுக்கு எரிச்சல் மண்டியது. 'பிற' என்பதற்குப் போனான். அங்கே முப்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.

"ஆயுத பூசை வழக்கப்படி பணியாளர்கள் சந்தனம்…" நின்றுவிட்டது.

"என்னிடம் அனுமதி கேட்டார்கள், நான் கவனிக்காமல்…" நின்றுவிட்டது.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) அன்றிரவே மழை பெய்து எல்லாப் பொட்டையும் கழுவிவிடுகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேட்ட நேரத்தில் மழை பெய்யும் என்று நான் எழுதினால், திருச்சுழி பஸ்ஸில் எனக்கு யாரும் இடம் தர மாட்டார்கள்.

ஆ) நாகராஜ் போட்டோவைப் பார்த்து, தன் தாயார் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்ததை நினைத்துக் கண்கலங்குகிறார். மன்னிக்கவும். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியாது.

இ) செல்வலட்சுமி தானே வந்து மறுபடியும் "நாந்தான்" என்கிறார்.

இதை எழுதி முடித்து, பேனாவை வைத்துவிட்டு வெளியே கொஞ்சம் நடந்தேன். ஒருவரிடம் ஒரே உதவியை இரண்டு தடவை வாங்கலாமா? கிழித்துவிட்டேன்.

7

ஆகவே விஜயதசமி. கிழக்கு வெளுக்கிறது. கண்ணாடி இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது.

காளீஸ்வரன் தொட்டி மேல் நிற்கிறான். படிவத்தில் எழுதியிருக்கிறான்: "நான் சொல்லித்தான் வைத்தார்கள். காளீஸ்வரன்." முப்பதுக்குள் அடங்கியது. சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். போய்விட்டது.

இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வாளியையும் வைப்பரையும் எடுத்துக்கொள்கிறான். முதல் பேனலில் தண்ணீர் ஊற்றி, சந்தனம் ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். தேய்ப்பதற்கு முன் ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்கிறான். சென்னை பதில் சொல்வதற்குள், பெண்கள் நாளை வருவதற்குள், இங்கே ஒரு தப்பு நடந்தது என்ற அடையாளமே இருக்கக் கூடாது. அவர்களிடம் அவன் சொல்லப்போவதும் இல்லை.

நாகராஜ் என்ன செய்தார்? தெரியாது. அந்த முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப்பானவர்களை அதிகம் பார்த்தவர்கள் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவீர்கள். என்னைப் போன்றவர்கள் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம். ஆறு பெண்களை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேறொரு சங்கடம். இதை யாரும் பார்க்காமல் செய்ய வேண்டும் என்று அவன் நினைக்கிறான். நானோ வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு பேனலாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். போதாததற்கு உங்களையும் கூட்டி வந்துவிட்டேன்.

நாற்பத்து மூன்று முடித்திருக்கிறான். இன்னும் நூற்றுப் பதினேழு இருக்கிறது.

வாருங்கள், நாம் போவோம்.